வெற்றுப் பட்டியலும் இல்லாத பட்டியலும்

கோ மொழியில் எழுதக்கூடிய மிகச் சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு வரியை அச்சிடுகிறது, அவ்வளவுதான். வெளியார் எழுதிய எந்த நூலகத்தையும் அது தொடுவதில்லை. அதன் பக்கத்தில் கோ.மொட் என்றொரு கோப்பு இருக்கும். அதற்குள் இரண்டே செய்திகள்: தொகுதியின் பெயர், எந்தப் பதிப்புக் கோ மொழிக்காக அது எழுதப்பட்டது என்ற குறிப்பு. வெளி நூலகங்களை நிரல் பயன்படுத்தினால் அவற்றின் பெயர்கள் இதே கோப்பில் கீழே வரிசையாக வரும். ஒவ்வொன்றின் உள்ளடக்கத்துக்கும் எடுத்த சரிபார்ப்புக் குறி கோ.சம் என்ற இன்னொரு கோப்பில் பதியும். எதையும் சாராத நிரலுக்குப் பதிய ஒன்றுமில்லை என்பதால் கோ.சம் கோப்பு உருவாவதே இல்லை. நிரல் கணினியில் பிசகில்லாமல் ஓடுகிறது. அதையே, நிரலை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்து அடைக்கும் டொக்கர் பெட்டிக்குள் வைத்துக் கட்டும்போது சிக்கல் வருகிறது. பலரும் பிரதி எடுத்துப் பயன்படுத்தும் செய்முறைக் கோப்பின் தொடக்க வரிகளில் ஒன்று, ‘கோ.மொட், கோ.சம் இரண்டையும் உள்ளே பிரதி செய்’ என்கிறது. இரண்டாவது கோப்பு இல்லை. ‘கோ.சம் காணப்படவில்லை’ என்று அறிவித்துவிட்டு, பில்ட் எனப்படும் கட்டும் வேலை நின்றுவிடுகிறது. நிரலில் ஒரு பிழையும் கிடையாது. தேவைப்பட்டும் கிடைக்காமல் போன நூலகமும் எதுவுமில்லை. எதுவும் தேவைப்படாததால்தான் நிரல் கட்டப்படவில்லை.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சொல். இன்றைய மென்பொருளை யாரும் அடியிலிருந்து நுனிவரை தாமே எழுதுவதில்லை. திகதியைக் கணக்கிட, வலையிலிருந்து தரவு எடுக்க, படத்தைச் சுருக்க என்று பிறர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படிச் சேர்ப்பவற்றைச் சார்புகள் என்கிறோம். வேலைத்தளப் பேச்சில் டிபென்டன்சி. எவை வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அவற்றை இணையத்திலிருந்து இறக்கி உரிய இடத்தில் வைக்கும் கருவிதான் சார்பு மேலாளர். ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், பைதனுக்குப் பிப், ஜாவாவுக்கு மேவன், ரஸ்ட் மொழிக்குக் கார்கோ, பிஎச்பிக்குக் கொம்போசர் என்று பெரும்பாலான மொழிகளுக்கு ஒன்றாவது உண்டு. பட்டியலில் ஆயிரம் பெயர் வந்தாலும் அசராத இந்தக் கருவிகளும், அவற்றைச் சுற்றிக் கட்டப்பட்ட மற்றக் கருவிகளும், பட்டியல் வெறுமையாக இருக்கும்போது ஏன் தடுமாறுகின்றன என்பதே இங்கு ஆராயும் கேள்வி. காரணம் ஒன்றுதான் என்பது என் வாதம். ‘ஒன்றும் இல்லை’ என்பது ஒரு தகவல். அதை எழுதி வைக்காமல் விட்டால் ‘தெரியாது’ என்பதிலிருந்து அதைப் பிரித்தறிய வழியில்லை. எழுத வேண்டிய கருவி எழுதாமல் விட்ட இடத்தில்தான் அடுத்த கருவி விழுகிறது.

கோ மொழியின் கதை தனிப்பட்டதல்ல. என்பிஎம் கருவியில் சார்பு ஏதும் குறிக்காத திட்டத்தை நிறுவச் சொன்னால் அது மகிழ்ச்சியாகவே முடிக்கும். ஆனால் நூலகங்களை வைக்கும் நோட்_மொடியூல்ஸ் அடைவை உருவாக்காது, வைக்க ஒன்றுமில்லையே. அடுத்த கட்டத்தில் ‘அந்த அடைவை இங்கே பிரதி செய்’ என்று எழுதிய செய்முறை அங்கே இடறும். கோ மொழியில் சார்புகளை வென்டர் என்ற அடைவுக்குள் நகலெடுத்து வைக்கும் கட்டளையும் அப்படித்தான்: நகலெடுக்கச் சார்புகள் இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடைவை உருவாக்காமல் விடுகிறது. மேவனின் அசெம்பிளி செருகுநிரல், பொதியில் இட ஒரு கோப்பும் கிடைக்காவிட்டால், குறைந்தது ஒரு கோப்பாவது வேண்டும் என்று சொல்லி முழு பில்டையும் தோற்கடிக்கிறது. கிட்ஹப்பின் தானியங்கி மேடையில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் சூழலை அமைக்கும் செயலியிடம், முன்பு இறக்கியவற்றை வைத்திருக்கும் சேமிப்பகத்தையும் பயன்படுத்தச் சொன்னால், அது முதலில் தேடுவது சார்புகளின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பை. அது இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் கருவி வெற்று அடைவுகளைப் பதிந்து வைப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஒருவர் தம் கணினியில் உருவாக்கிய வெற்று அடைவு மற்றவரின் கணினிக்குப் போய்ச் சேருவதில்லை. அதற்காகவே உள்ளே .கிட்கீப் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு வைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது.

இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலான இடங்களில் சார்பு மேலாளர் தன் அளவில் தோற்கவில்லை. அது தன் வேலையைச் சரியாக முடித்து, வெற்றி என்றே அறிவிக்கிறது. தோல்வி நிகழ்வது அது விட்ட இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள மூட்டில். முதலாவது கருவி ‘ஒன்றுமில்லை’ என்பதை மௌனத்தால் சொல்கிறது. இரண்டாவது கருவிக்கு அந்த மௌனம் ‘முன்னவர் வேலையே செய்யவில்லை’ என்று கேட்கிறது. அரச விண்ணப்பப் படிவத்தில் பொருந்தாத கூட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள் என்று சொல்வார்களே, அது இதற்காகத்தான். கோடு போட்ட கூட்டைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு விண்ணப்பகாரர் கேள்வியை வாசித்தார் என்று தெரியும். வெறுங்கூட்டைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. படிவம் திரும்பி வரும்.

இந்த வேறுபாட்டைத் தமிழர் தம் எண்களிலேயே காணலாம். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்றைந்தை எழுத ௱௫ போதும். பத்தின் இடத்தில் ஒன்றும் இல்லை என்பதைக் காட்ட எந்தக் குறியும் தேவைப்படவில்லை, ஏனென்றால் நூறு தன் மதிப்பைத் தன் குறியிலேயே சுமந்து நின்றது. இடமதிப்பு முறைக்கு வந்ததும் நிலைமை மாறியது. அங்கே நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டால் நூற்றைந்து பதினைந்தாகிவிடும். வெறுமைக்கும் ஒரு குறி கட்டாயமாயிற்று. கணினியில் ௦ என்ற தமிழ்ப் பூச்சியத்துக்கு யுனிகோடு இடம் கொடுத்தது 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான், மற்றத் தமிழ் இலக்கங்கள் அதற்கு முன்பே உள்ளே இருந்தன. பழைய முறை தவறானது என்று இதற்குப் பொருளில்லை. எந்த முறையில் ஒவ்வொரு குறியும் தன் பொருளைத் தானே சுமக்கிறதோ அங்கே வெறுமையை எழுதாமல் விடலாம். எங்கே ஒன்றின் பொருள் பக்கத்து இடத்தைப் பொறுத்து அமைகிறதோ அங்கே விட முடியாது. ஒன்றன் வெளியீட்டை மற்றது உள்ளீடாக எடுக்கும் பில்ட் என்பது இரண்டாவது வகை. ஆனால் அதில் வரும் கருவிகள் பலவும், ஒவ்வொன்றும் தனியே இயங்குவதுபோல, முதல் வகைப் பழக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

சார்பு மேலாளர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே யுனிக்ஸ் கருவிகள் இந்தக் கேள்வியைச் சந்தித்துவிட்டன; அவை தந்த விடைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. குனு டார் கருவியிடம் கோப்பின் பெயர் எதுவும் தராமல் பொதி கட்டச் சொன்னால், வெற்றுப் பொதியை உருவாக்கக் கோழைத்தனமாக மறுக்கிறேன் என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டி நின்றுவிடும். அதே கருவியிடம் ‘பெயர்கள் இந்தக் கோப்பில் உள்ளன’ என்று சொல்லி ஒரு வெற்றுக் கோப்பைக் காட்டினால் மறுப்பேதும் இல்லாமல் வெற்றுப் பொதியைக் கட்டிக் கொடுக்கும். இரண்டிலும் பொதிக்குள் போகும் கோப்புகளின் எண்ணிக்கை பூச்சியம்தான். முதலாவதில் பட்டியலே தரப்படவில்லை, பெயரைத் தட்டச்சிட மறந்திருக்கக்கூடும், எனவே மறுப்பு. இரண்டாவதில் பட்டியல் தரப்பட்டது, அதில் ஒன்றுமில்லை, எனவே ஒன்றுமில்லாத பொதி. நான் அறிந்தவரையில் இந்தப் பிரச்சினைக்கு இதைவிடத் தெளிவான தீர்வு இல்லை. எதிர்ப்பக்கத்தில் எக்ஸ்-ஆர்க்ஸ் இருக்கிறது. வரும் பெயர்களை அடுத்த கட்டளைக்குக் கைமாற்றுவது அதன் வேலை. பெயர் ஒன்றும் வராவிட்டாலும் குனு வடிவம் அந்தக் கட்டளையை ஒருதரம் ஓட்டிவிடும். பிஎஸ்டி வடிவம் ஓட்டாது. பிப் நிறுவிய பொதிகளை எல்லாம் நீக்கவென்று பலர் எழுதும் ஒற்றை வரிக் கட்டளை, நீக்க ஒன்றுமில்லாத சூழலில் பிழை காட்டுவது இதனால்தான்: பிப்பின் கையில் வெறுங்கட்டளை போய்ச் சேர்கிறது, ஒரு பெயராவது தர வேண்டும் என்று அது முறையிடுகிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘லிப் அடைவில் உள்ள எல்லா ஜார் கோப்புகளும்’ என்று நட்சத்திரக் குறியிட்டு எழுதினால், அப்படி ஒன்றும் இல்லாதபோது அந்த நட்சத்திரக் குறியையே ஒரு கோப்பின் பெயராக எண்ணி அனுப்பிவிடுகிறது. வெறுமைக்கு வடிவம் இல்லாததால் கேள்வியே விடையாக வேடம் போடுகிறது.

இதுவரை பார்த்தது உண்மையிலேயே சார்பில்லாத திட்டங்களை. பொய்யாக வெறுமையான பட்டியல் வேறு. ஒருவர் தம் மடிக்கணினியில் எப்போதோ ஒரு பைதன் நூலகத்தைப் பொதுவாக நிறுவியிருப்பார். புதிய நிரலில் அதை இறக்குமதி செய்வார். கணினியில் இருப்பதால் ஓடும். பிப் வாசிக்கும் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் அதன் பெயரை எழுத நினைவு வராது. வேறொரு கணினியில் நிறுவல் கட்டம் சத்தமில்லாமல் கடந்துபோகும், நிரல் ஓடத் தொடங்கிய பிறகே ‘அப்படி ஒரு தொகுதி இல்லை’ என்று விழும். வெறுமையான பட்டியலைக் கண்டதும் எச்சரிக்க வேண்டும் என்பவர்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் எண்ணிக்கை அதற்கான அளவுகோல் ஆகாது. பத்து நூலகங்களைப் பயன்படுத்திவிட்டு ஒன்பதை எழுதியவரும் அதே குழியில்தான் விழுகிறார். பட்டியல் வெறுமையாக இல்லை என்பதால் அவருக்கு எச்சரிக்கை வராது. கேட்க வேண்டியது, பட்டியலும் நிரலும் ஒத்துப்போகின்றனவா என்பதை.

அப்படிக் கேட்பது இயலாத காரியமல்ல. அதற்கு இலங்கையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கொழும்பில் பெரும் பொறியியல் குழுவைக் கொண்டு வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் வெளிக்கொணர்ந்த பலரீனா என்ற நிரல்மொழி, 2019இல் 1.0 பதிப்பையும் 2022இல் சுவான் லேக் என்ற பெயரிட்ட பதிப்பையும் எட்டியது. இந்தப் பதிப்பில் சார்புகளை நிரலர் தனியே பட்டியலிடத் தேவையில்லை. நிரலுக்குள் உள்ள இறக்குமதி வரிகளே அறிவிப்பு. அவற்றை வாசித்து டிபென்டன்சீஸ்.டொமல் என்ற கோப்பை பில்ட் தானே எழுதுகிறது. தானாக உருவாக்கப்பட்டது, கை வைக்காதீர்கள் என்று அந்தக் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். மனித மறதியால் வெறுமையான பட்டியல் என்ற ஒன்று இங்கே வர இடமில்லை. கோ மொழியின் ‘டைடி’ கட்டளையும் இறக்குமதிகளை வாசித்துப் பட்டியலைச் சீராக்குகிறது. அந்த அளவில் இரண்டும் நல்ல வழியில் நிற்கின்றன. கோ மொழி தவறவிட்டது கடைசிப் படியை மட்டும்: ஆராய்ந்து ஒன்றுமில்லை என்று கண்டறிந்த பிறகு, கண்டறிந்ததை ஒரு வெற்று கோ.சம் கோப்பாக எழுதி வைப்பதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது சோதனைக் கருவிகளிலிருந்து வருகிறது. பைடெஸ்ட், ஓட்டச் சோதனை ஒன்றும் கிடைக்காவிட்டால் வெற்றி என்று சொல்வதில்லை. 5 என்ற தனிக் குறியோடு வெளியேறுகிறது. பைதனின் சொந்த யுனிட்டெஸ்ட் கருவியும் 3.12 பதிப்பிலிருந்து அதையே செய்கிறது. ஜெஸ்ட் கருவி சோதனைகள் கிடைக்கவில்லை என்று தோல்வி காட்டுகிறது. பூச்சியத்தை வெற்றியாகக் கொண்டால் கோப்பின் பெயரில் விட்ட ஓர் எழுத்துப் பிழையால் ஆயிரம் சோதனைகளும் ஓடாமல் போய், பச்சை விளக்கு மட்டும் எரியும். அப்படியானால் சார்பு மேலாளரும் பூச்சியத்தைக் கண்டு நிற்பதுதானே பாதுகாப்பு? ஒப்பீடு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் பதில். சோதனை என்பது சான்று தேடும் வேலை. சான்று ஒன்றும் இல்லாதபோது தீர்ப்பும் இருக்க முடியாது. சார்பு நிறுவல் ஒரு நிலையை எட்டும் வேலை: பட்டியலில் உள்ளவை எல்லாம் உரிய இடத்தில் இருக்க வேண்டும். பட்டியல் வெறுமையானால் அந்த நிலை தொடங்கும்போதே எட்டப்பட்டுவிட்டது. மேலும் அந்தச் சோதனைக் கருவிகளே என் பக்கமும் சாட்சி சொல்கின்றன. பைடெஸ்ட் பூச்சியத்துக்கும் தோல்விக்கும் வெவ்வேறு குறி வைத்திருக்கிறது. சோதனை இல்லாமலும் கடந்து போகலாம் என்று வெளிப்படையாக அறிவிக்க ஜெஸ்ட் ஒரு தெரிவைத் தந்திருக்கிறது. பூச்சியத்தை ஊகித்து ஏற்கக் கூடாது, சொல்லி ஏற்கலாம் என்பதே இரண்டும் எடுத்த நிலைப்பாடு. சார்பு மேலாளருக்கு முன் பட்டியல் கோப்பு இருக்கிறதென்றால், அது வெறுமையாக இருந்தாலும், சொல்லியாயிற்று.

வேறுபடுத்திக் குறித்தால் மட்டும் போதாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சொற்களைத் தேடும் கிரெப் கருவி மூன்று விடை தருகிறது: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடுவதிலேயே கோளாறென்றால் 2. ஆனால் ‘ஏதாவது பிழையானால் உடனே நில்’ என்று தலையில் எழுதப்பட்ட ஓட்டுநிரலுக்கு 1ம் 2ம் ஒன்றுதான், இரண்டுக்கும் நின்றுவிடும். கவனமாகப் பிரித்துச் சொன்னதைக் கவனமில்லாமல் சேர்த்துக் கேட்பவரும் இந்தக் குறையில் பங்காளி. பிஎச்பி மொழியில் சிக்கல் இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. அந்த மொழியில் வரிசைக்கும் பெயர்-மதிப்பு அட்டவணைக்கும் ஒரே உருதான்; உள்ளே ஏதாவது இருந்தால் ஜேசன் என்ற தரவு வடிவில் எழுதும்போது எது எதுவென்று தெரியும், வெறுமையானால் தெரியாது, வேறாகச் சொல்லாவிட்டால் சதுர அடைப்பாகவே எழுதும். ஒரு நிரல் வழியாக, ஜேசன் வடிவில் உள்ள கொம்போசர் கோப்பைத் திருத்தி, கடைசிச் சார்பையும் நீக்கினால், அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வந்து உட்கார்ந்துகொள்ளும். கொம்போசர் அதை ஏற்காது. கடைசிப் பெயரை அழிக்கும்வரை எல்லாம் சரியாக இருந்த கோப்பு அது.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் ஓரத்து நிகழ்ச்சி, சார்பே இல்லாத திட்டம் நடைமுறையில் ஏது என்பது. இந்த எண்ணம் முன்பு பொருந்தியிருக்கலாம், இப்போது பொருந்தவில்லை. 2016 மார்ச் 22ஆம் திகதி லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நூலகம் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அதன் ஆசிரியரால் நீக்கப்பட்டபோது, அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பேபல் போன்ற பெரிய திட்டங்களின் பில்டுகள் உலகெங்கும் உடைந்தன. 2021 டிசம்பரில் லொக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது தங்கள் மென்பொருளுக்குள் இருக்கிறதா என்பதையே பல நிறுவனங்கள் தேடித் திரிந்தன. அந்த அடிகளுக்குப் பிறகு, தேவையில்லாத சார்பைச் சேர்க்காதே என்பது அனுபவசாலிகளின் ஒழுங்காகிவிட்டது. மொழிகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன. கோ மொழியின் சொந்த நூலகத்தைக் கொண்டே ஒரு வலைச் சேவையகத்தை எழுதிவிடலாம். நோட் 18ஆம் பதிப்பில் வலைக் கோரிக்கைக்கும் சோதனைக்கும் உள்ளேயே வழி வந்துவிட்டது. பைதனோடு எஸ்கியூலைட் கூடவே வருகிறது. சார்புகளைக் குறைத்துக் குறைத்துப் பூச்சியத்துக்கு வந்து சேர்ந்தவருக்குக் கடைசிப் படியில் பில்ட் உடைவது பரிசாகக் கிடைக்கக் கூடாது.

பூச்சியத்திலிருந்து தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இலங்கையில் க.பொ.த. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவர்கள் பைதன் எழுதுகிறார்கள். புத்தளம் நகருக்கு வடக்கே, கடலேரியை ஒட்டிய கரைத்தீவு போன்ற ஓர் ஊரில், கைத்தொலைபேசியின் டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்து வேலை செய்யும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பாடத்திட்டத்தில் உள்ளதைக் கொண்டு அவள் எழுதும் நிரலுக்கு வெளி நூலகம் ஒன்றும் தேவையில்லை. அதைப் பிறருக்கும் தரலாம் என்று எண்ணி, எங்கோ பார்த்த செய்முறைக் கோப்பை எடுத்து வைத்துக் கட்டுகிறாள். இல்லாத கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று கணினி சொல்கிறது. பெரிய நகரத்து அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பத்து விநாடியில் விளக்கிவிடுவார். தனியே இருப்பவள் தன் நிரலில்தான் பிழை என்று எண்ணுவாள், மறுபடி மறுபடி கட்டிப் பார்ப்பாள். டொக்கர் பெட்டிக்கு அடித்தளமான படிமத்தை இறக்கவே டேட்டா செலவாகும். ஓரத்து நிகழ்ச்சி என்று அனுபவசாலிகள் ஒதுக்குவது, தொடக்கக்காரரின் முதல் நாளில் நடுவில் வந்து நிற்கிறது. இதை நான் சிறிய குறை என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது: வெற்றுப் பட்டியல் என்ற ஒன்று உண்மையில் உண்டா? மேவன் திட்டத்தின் சார்புப் பகுதியில் ஒரு பெயரும் இல்லாமல் கட்டத் தொடங்குங்கள். முதல் ஓட்டத்தில் மேவன் தன் தொகுப்பிச் செருகுநிரலை இறக்கும், சோதனைச் செருகுநிரலை இறக்கும், ஜார் கட்டும் செருகுநிரலை இறக்கும், அவற்றின் சார்புகளையும் இறக்கும். இணையம் இல்லையென்றால் எதையும் சாராத அந்தத் திட்டம் கட்டப்படாது. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரத்தை எட்டியது. இணைப்பு எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாத அப்படிப்பட்ட நாளில் இந்த மறைந்த சார்புகள் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே இருக்கும் கடன்போல எழுந்து வரும். தொகுப்பியும், இயங்குதளத்தின் சி நூலகமும், டொக்கர் படிமமும் இதே வகை. இந்த மறுப்பு உண்மை என்று ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் இறுக்குகிறது. ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்ற கூற்று எந்த எல்லைக்குள் சொல்லப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். நிரலின் சார்பு பூச்சியம், கட்டும் கருவியின் சார்பு இத்தனை என்று இரண்டையும் தனித்தனியே சொல்லும் கருவி, இணையமில்லாத நாளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக வழிவிடும்.

இந்த நுணுக்கத்தைக் கருவி எழுதுபவர்களைவிட முந்திப் பிடித்துக்கொண்டவர்கள் பாதுகாப்புத் துறையினர். ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் உட்கூறுப் பட்டியலுக்கு, அமெரிக்க அரசின் 2021 மே மாத ஆணையைத் தொடர்ந்து, அந்நாட்டு வணிகத் திணைக்களத்தின் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாக அமைப்பு 2021 ஜூலையில் குறைந்தபட்சத் தேவைகளை வெளியிட்டது. அதில் ஒரு நிபந்தனை, மேலும் சார்புகள் இல்லாத கூறையும் சார்புகள் உண்டா என்று தெரியாத கூறையும் தெளிவாக வேறுபடுத்த வேண்டும் என்பது. அத்தகைய பட்டியலை எழுதும் எஸ்பிடிஎக்ஸ் வடிவத்தில் இதற்கென்றே இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘இல்லை’ என்பதற்கு ஒன்று, ‘எதுவும் உறுதி கூறவில்லை’ என்பதற்கு மற்றொன்று. இன்னொன்றான சைக்ளோன்டிஎக்ஸ் வடிவம், தனக்குச் சார்பு ஏதும் இல்லாத கூறையும் சார்பு வரைபடத்தில் ஒரு வெற்று உறுப்பாக எழுதச் சொல்கிறது; வரைபடத்தில் வராத கூறுக்குச் சார்புகள் இருக்கலாம், தெரியாது என்றே பொருள்கொள்ள வேண்டும். லொக்4ஜே உங்களிடம் உள்ளதா என்று கேட்கும்போது ‘இல்லை’ என்ற விடையும் ‘பார்க்கவில்லை’ என்ற விடையும் ஒரே மாதிரித் தெரிந்தால் அந்தப் பட்டியலால் என்ன பயன்? பில்ட் கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

சரியாகச் செய்யும் சார்பு மேலாளர்கள் இப்போதே உண்டு. கார்கோ, சார்பே இல்லாத திட்டத்துக்கும் லாக் கோப்பை எழுதுகிறது. அதில் அந்தத் திட்டம் மட்டும் பதிவாகியிருக்கும். அடுத்து வரும் கருவிக்குப் பிரதி செய்ய ஒரு கோப்பு கிடைக்கிறது, மூட்டு பிசகுவதில்லை. கொம்போசர், நிறுவ ஒன்றுமில்லை என்று சொன்னபின்பும் வென்டர் அடைவையும் அதற்குள் தானியங்கி ஏற்றிக் கோப்பையும் உருவாக்கிவிடுகிறது. அதை அழைக்கும் நிரல் வழக்கம்போல ஓடும். ஒரு வெற்றுக் கோப்பு எழுத ஆகும் செலவு கணக்கில் எடுக்கத் தகுந்ததே அல்ல. அதை எழுதாமல் விட்டதால் உலகெங்கும் செய்முறைக் கோப்புகளில் கோ.சம் பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள், இருந்தால் எடு, இல்லாவிட்டால் போகட்டும் என்று. அது வேலை செய்யும். ஆனால் சார்புகள் உள்ள ஒரு திட்டத்தில் அந்தக் கோப்பு தவறுதலாக விடுபட்டாலும் அந்தக் கட்டம் அதைக் கவனிக்காமல் கடந்துவிடும். வெறுமையை அனுமதிக்கப்போய், காணாமல் போனதையும் அனுமதித்ததாகிறது. இன்னும் சிலர் தேவையில்லாத ஒரு சிறிய நூலகத்தைப் பட்டியலில் சேர்த்து பில்டைச் சமாதானப்படுத்துகிறார்கள். மாற்று வழிகளில் மிக மோசமானது இது. பட்டியலை உண்மையிலிருந்து விலக்கி, யாரோ ஒருவரின் குறியீட்டைக் காரணமில்லாமல் உள்ளே விட்டு, லெஃப்ட்-பேட் கதை திரும்ப நடக்க ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அதைவிட, வெற்று கோ.சம் கோப்பு ஒன்றைத் தாமே உருவாக்கிக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

கருவி எழுதுபவர்களிடம் கேட்பது இதுதான்: பட்டியல் கோப்பே இல்லையென்றால் தயங்காமல் நில்லுங்கள், கோப்பு இருந்து அதில் ஒன்றுமில்லையென்றால் வேலையை முடித்து, வழக்கமாக எழுதும் அடைவையும் கோப்பையும் வெறுமையாகவேனும் எழுதி வையுங்கள். செய்முறைக் கோப்புகளையும் பாடங்களையும் எழுதுபவர்களிடம், குறிப்பாகத் தமிழில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம், ஒரு வேண்டுகோள். மாணவர் கையில் ஒரு மாதிரித் திட்டத்தைக் கொடுக்கும் முன், அதிலுள்ள சார்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, புதிய கணினி ஒன்றில் ஒருதரம் கட்டிப் பாருங்கள். அது உடைந்தால், முதலில் அதைத் திருத்திவிட்டுக் கொடுங்கள்.